ஆண்டி வைரஸ் நல்லது. அதன் ஷேர் நல்லதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் எல்லோரும் கூடவே வாங்கும் சாப்ட்வேர் ஒன்று உண்டென்றால் அது ஆண்டி வைரஸ்தான். கடைக்காரரே இன்ஸ்டால் செய்து கொடுத்துவிடுவார். ஒரு வருடம் கழித்து, "உங்கள் லைசென்ஸ் முடியப் போகிறது, புதுப்பித்துக்கொள்ளுங்கள்" என்று திரையின் வலது மூலையில் ஒரு சிறிய பெட்டி எட்டிப் பார்க்கும். அப்போது பலருக்கும் ஓர் எண்ணம் வரும். "இத்தனை கம்ப்யூட்டர்கள், வருடா வருடம் பணம்! இந்தக் கம்பெனியின் ஷேரை வாங்கிப் போட்டால் என்ன?"

எண்ணத்தில் தவறில்லை. ஆனால் கம்பெனியை எடைபோட்டுப் பார்த்த பிறகே பணம் போட வேண்டும். அதற்கு வேண்டிய கருவிகள் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கின்றன. ஒரு பிரவுசர், பி.டி.எப். பைலைத் திறக்க ஒரு புரோகிராம், ஓர் எக்ஸெல் ஷீட். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். உண்மையான ஒரு கம்பெனியின் கணக்கை வைத்து அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் சாப்ட்வேர் இன்ஜினீயர். செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் அல்ல. கீழே வரும் கம்பெனியின் பங்கு என்னிடம் இல்லை. வாங்குங்கள் என்றோ விற்றுவிடுங்கள் என்றோ நான் சொல்லப் போவதில்லை. எப்படிப் பார்ப்பது என்பது மட்டுமே இங்கே பாடம்.

கம்பெனி அறிமுகம்

நம் நாட்டில் ஆண்டி வைரஸ் என்றதும் இரண்டு பெயர்கள் நினைவுக்கு வரும். ஒன்று, சென்னையில் 1991இல் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங். அது தனியார் கம்பெனி. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. எனவே அதன் பங்கைச் சந்தையில் வாங்க வழியில்லை. இன்னொன்று, புனே நகரத்தின் குயிக் ஹீல் டெக்னாலஜீஸ்.

குயிக் ஹீலைத் தொடங்கியவர்கள் கைலாஷ் கட்கர், சஞ்சய் கட்கர் என்ற அண்ணன் தம்பி. அண்ணன் கால்குலேட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். தம்பி கம்ப்யூட்டர் படித்தவர். ரிப்பேருக்கு வந்த கம்ப்யூட்டர்களில் வைரஸ் இருப்பதைப் பார்த்து, அதை நீக்கும் புரோகிராமைத் தம்பி எழுதினார். 1995இல் கேட் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்ற பெயரில் பதிவான கம்பெனி, 2007இல் குயிக் ஹீல் டெக்னாலஜீஸ் என்று பெயர் மாறியது. 2010இல் செக்வோயா கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனம் 60 கோடி ரூபாய் போட்டது. 2016 பிப்ரவரியில் பங்கு ஒன்று 321 ரூபாய் என்ற விலையில் பொதுமக்களுக்குப் பங்குகள் வெளியிடப்பட்டன. பிப்ரவரி 18 அன்று சந்தையில் பட்டியலானது.

கேட்கவே நன்றாக இருக்கும் கதை. கடின உழைப்பு, நல்ல பொருள், ஊர் ஊராக டீலர்கள். ஆனால் பட்டியலான முதல் நாளே பங்கின் விலை 321க்குக் கீழே இறங்கிவிட்டது. கதை நன்றாக இருந்தும் விலை ஏன் இறங்கியது என்று புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

பொருள் வேறு, பங்கு வேறு

என் சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம். பாலக்கோடு பக்கத்தில் தக்காளி பயிரிடும் மாமா ஒருவர், மகளின் படிப்புக்காகக் கம்ப்யூட்டர் வாங்கினார். சில மாதங்களுக்குப் பிறகு என்னிடம் கேட்டார்.

"மாப்ள, நீ போட்டுக் குடுத்த ஆண்டி வைரஸ் நல்லாத்தான் வேல செய்யுது. அந்தக் கம்பெனி ஷேர்ல ஒரு அம்பதாயிரம் போடலாமா?"

"மாமா, போன வருசம் தக்காளி நல்லா இருந்துச்சா?"

"காய் நல்லாத்தான் இருந்துச்சு. வெலதான் இல்ல."

"அதேதான் மாமா. காய் நல்லாருக்கறது வேற, வெல கெடைக்கறது வேற."

தக்காளி தரமாக இருக்கலாம். ஆனால் கிலோ என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் வியாபாரிக்கு லாபமோ நஷ்டமோ. ஷேரும் அப்படித்தான். ஆண்டி வைரஸ் நன்றாக வேலை செய்கிறது என்பது காயின் தரம். அந்தக் கம்பெனி வருடத்திற்கு எவ்வளவு சம்பாதிக்கிறது, அந்தச் சம்பாத்தியத்திற்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பவை வேறு இரண்டு கேள்விகள்.

ஷேர் வாங்கும்போது கம்பெனியில் ஒரு சிறு துண்டை வாங்குகிறீர்கள். ஒரு துண்டின் விலையை மொத்தத் துண்டுகளால் பெருக்கினால் முழுக் கம்பெனியின் விலை கிடைக்கும். இதை மார்க்கெட் கேப்பிடலைசேஷன் என்பார்கள். 2016இல் குயிக் ஹீலுக்குச் சுமார் 7 கோடி பங்குகள். 321 ரூபாய் வீதம் பெருக்கினால் முழுக் கம்பெனியின் விலை சுமார் 2,250 கோடி ரூபாய். அதற்கு முந்தைய 2014-15 நிதியாண்டில் கம்பெனி சம்பாதித்த நிகர லாபம் ஏறத்தாழ 54 கோடி. அதாவது ஒரு வருட லாபத்தைப் போல் 40 மடங்குக்கும் மேல் விலை. இந்த மடங்குக்குத்தான் பி.இ. ரேஷியோ என்று பெயர்.

40 மடங்கு கொடுக்கலாமா? லாபம் வருடா வருடம் வேகமாக வளரும் என்றால் கொடுக்கலாம். வளராவிட்டால்? கணக்கைத் திறந்து பார்ப்போம்.

ஆண்டறிக்கையை எடுப்பது எப்படி?

சந்தையில் பட்டியலான ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டறிக்கை வெளியிட வேண்டும். இலவசம்தான். ஆங்கிலத்தில் இருக்கும், ஆனால் நமக்கு வேண்டியது சில எண்கள் மட்டுமே.

1. பிரவுசரைத் திறந்து தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ. அல்லது மும்பைப் பங்குச் சந்தையான பி.எஸ்.இ.யின் வெப்சைட்டிற்குச் செல்லுங்கள். முகவரியை நீங்களே டைப் செய்திடுங்கள். யாரோ அனுப்பிய லிங்க்கைக் கிளிக் செய்ய வேண்டாம்.

2. மேலே உள்ள தேடல் பெட்டியில் கம்பெனியின் பெயரை டைப் செய்திடுங்கள். பெயர் கீழே பட்டியலில் தெரியும். அதைக் கிளிக் செய்திடுங்கள்.

3. ஆனுவல் ரிப்போர்ட்ஸ் என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்து, கடைசி ஐந்து வருட பைல்களை டவுன்லோட் செய்திடுங்கள். "ஷேர்" என்ற பெயரில் போல்டர் ஒன்றை உருவாக்கி அதில் போட்டு வைத்தால் பிறகு தேட வேண்டியதில்லை.

4. பைலைத் திறந்ததும் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டாம். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எப் கீயைத் தட்டினால் தேடல் பெட்டி வரும். அதில் ரெவின்யூ ப்ரம் ஆபரேஷன்ஸ் என்ற ஆங்கிலச் சொற்களை டைப் செய்திடுங்கள். இது சாப்ட்வேர் விற்று வந்த வருமானம். அடுத்து ப்ராபிட் பார் தி இயர் என்று தேடுங்கள். இது எல்லாச் செலவும் வரியும் போன நிகர லாபம்.

5. ஒரே அறிக்கையில் ஸ்டாண்ட்அலோன், கன்சாலிடேட்டட் என இரண்டு கணக்குகள் இருக்கும். கிளைக் கம்பெனிகளையும் சேர்த்த கணக்கு கன்சாலிடேட்டட். ஐந்து வருடத்திற்கும் அதையே எடுங்கள். ஒரு வருடம் இது, மறு வருடம் அது என்று கலந்துவிட்டால் ஒப்பிட முடியாது.

எக்ஸெல்லில் ஐந்து வரிகள்

புதிய ஷீட் ஒன்றைத் திறந்திடுங்கள். முதல் வரிசையில் ஏ1 செல்லில் வருடம், பி1 செல்லில் வருமானம், சி1 செல்லில் லாபம், டி1 செல்லில் சதவீதம் என்று தலைப்புக் கொடுங்கள். அடுத்த ஐந்து வரிசைகளில் எண்களை உள்ளிடுங்கள். குயிக் ஹீலின் எண்கள் இதோ. எல்லாம் கோடி ரூபாயில், அருகில் உள்ள முழு எண்ணாகச் சுருக்கியவை.

2020-21: வருமானம் 333, லாபம் 107
2021-22: வருமானம் 342, லாபம் 83
2022-23: வருமானம் 278, லாபம் 6
2023-24: வருமானம் 292, லாபம் 24
2024-25: வருமானம் 280, லாபம் 5

இப்போது டி2 செல்லில் கர்சரை வைத்துச் சமக்குறியை டைப் செய்திடுங்கள். சி2 செல்லைக் கிளிக் செய்திடுங்கள். வகுத்தல் குறியான சாய்கோட்டைப் போடுங்கள். பி2 செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். கிடைத்த எண்ணைச் சதவீதமாக மாற்ற, மெனுவில் உள்ள சதவீதக் குறியை அழுத்துங்கள். பிறகு டி2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய கட்டத்தைப் பிடித்து டி6 வரை இழுத்து விடுங்கள். ஐந்து வருடக் கணக்கும் வந்துவிடும்.

என்ன தெரிகிறது? முதல் வருடம் 100 ரூபாய்க்கு விற்றால் 32 ரூபாய் லாபம். அடுத்த வருடம் 24 ரூபாய். மூன்றாம் வருடம் 2 ரூபாய்தான். நான்காம் வருடம் 8 ரூபாய். ஐந்தாம் வருடம் மறுபடியும் 2 ரூபாய்க்குள்.

லாபம் ஏன் இப்படிச் சரிந்தது?

2021-22க்கும் 2022-23க்கும் இடையே வருமானம் 342இல் இருந்து 278 ஆனது. ஐந்தில் ஒரு பங்கு கூடக் குறையவில்லை. ஆனால் லாபமோ 83இல் இருந்து 6க்கு விழுந்தது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காணோம். முதல் முறை பார்ப்பவருக்கு இது புரியாது. சாப்ட்வேர் துறையில் இருப்பவனுக்கு ஆச்சரியமில்லை.

சோப்பு செய்யும் கம்பெனியில் விற்பனை குறைந்தால் எண்ணெய் வாங்குவதையும் குறைத்துவிடலாம். சாப்ட்வேர் கம்பெனியில் அப்படி முடியாது. ஆண்டி வைரஸின் ஒரு காப்பி விற்றாலும் பத்து லட்சம் காப்பி விற்றாலும், அதை எழுதும் இன்ஜினீயர்களின் சம்பளம் அதேதான். புதுப் புது வைரஸ்களைச் சேகரித்து, ஆராய்ந்து, தினமும் அப்டேட் அனுப்பும் லேப் வேலையை ஒரு நாள் கூட நிறுத்த முடியாது. எனவே விற்பனை ஏறினால் லாபம் தாவி ஏறும். விற்பனை கொஞ்சம் இறங்கினால் லாபம் தடாலென விழும். ஏற்றத்தில் நமக்குப் பிடித்த அதே குணம்தான் இறக்கத்தில் அடிக்கிறது. சாப்ட்வேர் பங்கு எதை வாங்கினாலும் இதை நினைவில் வையுங்கள்.

அதனால் ஒரே ஒரு வருட லாபத்தை வைத்து விலையை எடைபோடக் கூடாது. 2024இல் குயிக் ஹீல் பங்கு 600 ரூபாயைத் தாண்டியது. அப்போது பங்குகளின் எண்ணிக்கை சுமார் 5.35 கோடி. பெருக்கினால் 3,200 கோடி. முந்தைய வருட லாபம் 24 கோடி. அதாவது 130 மடங்குக்கும் மேல்! 2025இல் விலை அதில் பாதி அளவுக்கு இறங்கியது. "பாதி விலைக்குக் கிடைக்கிறதே, மலிவு" என்று தோன்றும். ஆனால் அந்த வருட லாபம் 5 கோடிதான். 300 ரூபாய் என்று வைத்தாலும் 1,605 கோடியை 5ஆல் வகுத்தால் 321 மடங்கு. விலை பாதியான பிறகு, லாபத்தோடு ஒப்பிட்டால், பங்கு முன்பைவிட அதிக விலை!

இதற்கு நேர்மாறாகவும் ஏமாறலாம். 2022இல் ஒருவர், "போன வருட லாபம் 83 கோடி, மடங்கு குறைவு, மலிவு" என்று கணக்குப் போட்டு வாங்கியிருந்தால், அந்த வருட முடிவில் லாபம் 6 கோடியாகி அவர் கணக்கே மாறிப் போயிருக்கும். பி.இ. ரேஷியோ முடிந்துபோன வருடத்தின் லாபத்தைச் சொல்கிறது. நாம் வாங்குவதோ வரப்போகும் வருடங்களை.

இதற்கு ஓர் எளிய வழி ஐந்து வருடச் சராசரி. காலியாக உள்ள சி7 செல்லில் சமக்குறி போட்டு ஆவரேஜ் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் சி2 முதல் சி6 வரை மவுஸால் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். 45 கோடி என்று வரும். 1,605 கோடியை 45ஆல் வகுத்தால் சுமார் 36 மடங்கு. இப்போது கேள்வி தெளிவாகிவிட்டது. பழைய லாபம் திரும்பி வருமா, வராதா? இதற்கு எக்ஸெல்லில் பார்முலா இல்லை. தொழிலைத்தான் பார்க்க வேண்டும்.

தொழிலைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள்

முதல் கேள்வி: இலவசமாகக் கிடைப்பதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று டைப் செய்து பாருங்கள். மைக்ரோசாப்ட் தரும் டிபெண்டர் என்ற ஆண்டி வைரஸ் அங்கே இருக்கும். மைக்ரோசாப்ட் 2009இல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற இலவச ஆண்டி வைரஸைக் கொடுத்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது டிபெண்டராக விண்டோஸுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு புதுக் கம்ப்யூட்டரிலும் போட்டியாளர் இலவசமாக உட்கார்ந்திருக்கிறார்! வீட்டு உபயோகத்திற்கு ஆண்டி வைரஸ் விற்கும் எந்தக் கம்பெனிக்கும் இதுதான் பெரிய கேள்வி.

இரண்டாம் கேள்வி: வாங்கியவர் புதுப்பிக்கிறாரா? புதிதாக ஒருவரைப் பிடிக்க டீலர் கமிஷன், விளம்பரம் எல்லாம் செலவு. புதுப்பிப்பவர் அதே அளவு செலவு வைப்பதில்லை. ஆண்டறிக்கையில் ரினியூவல் என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடி, கம்பெனி அதைப் பற்றி எண்ணாகச் சொல்கிறதா, வெறும் வார்த்தையாகச் சொல்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் கேள்வி: வீடா, அலுவலகமா? வங்கி, மருத்துவமனை, தொழிற்சாலைக்கு விற்கும் பாதுகாப்புச் சாப்ட்வேர் வேறு வகை. குயிக் ஹீல் அதற்கு செக்ரைட் என்ற தனிப் பெயர் வைத்திருக்கிறது. நம் நாட்டில் சைபர் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்று சர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2023இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. இவற்றால் அலுவலகங்கள் பாதுகாப்புக்குச் செலவு செய்ய வேண்டிய கட்டாயம் கூடுகிறது. ஆனால் அந்தச் சந்தையில் உலகப் பெரும் கம்பெனிகளும் போட்டிக்கு நிற்கின்றன. மொத்த வருமானத்தில் அலுவலக விற்பனையின் பங்கு வருடா வருடம் கூடுகிறதா என்று அறிக்கையில் பாருங்கள்.

அலுவலக வாடிக்கையாளர் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். 2024 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் கிரவுட்ஸ்ட்ரைக் கம்பெனி அனுப்பிய பிழையான அப்டேட்டால் உலகம் முழுதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. விமானங்கள் ரத்தாயின. அன்று ஒரே நாளில் பங்கு 11 சதவீதம் விழுந்தது. ஆனால் ஒரு வருடத்திற்குள் பழைய விலையைத் தாண்டிவிட்டது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் போட்ட பாதுகாப்புச் சாப்ட்வேரைப் பெரிய நிறுவனங்கள் சட்டென்று கழற்றி மாற்றிவிட முடியாது. வீட்டு வாடிக்கையாளரோ லைசென்ஸ் முடிந்த நாளிலேயே மாறிவிடலாம்.

பெரிய பெயர்களும் இந்த இரண்டு சந்தைகளுக்கு நடுவே அல்லாடியிருக்கின்றன. மெக்கபியை இன்டெல் 2011இல் 768 கோடி டாலருக்கு வாங்கி, 2017இல் தனியே பிரித்துவிட்டது. நார்ட்டனைச் செய்த சிமான்டெக், 2019இல் தன் அலுவலகப் பிரிவைப் பிராட்காம் கம்பெனிக்கு 1,070 கோடி டாலருக்கு விற்றது. பெயர் நிலைத்திருப்பதால் பங்குதாரரின் லாபமும் நிலைத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

நான்காம் கேள்வி: கையில் பணம் உண்டா? அதை என்ன செய்கிறார்கள்? குயிக் ஹீல் 2016இல் புதிய பங்குகள் வெளியிட்டுத் திரட்டியது 250 கோடி. பிறகு பங்குதாரர்களிடமிருந்து பங்குகளைத் திரும்ப வாங்கும் பைபேக்கை மூன்று முறை செய்தது. 2019இல் 275 ரூபாய் வீதம் 175 கோடிக்கு, 2021இல் 245 ரூபாய் வீதம் 155 கோடிக்கு, 2022இல் 300 ரூபாய் வீதம் 150 கோடிக்கு. மொத்தம் 480 கோடி. பணத்தைப் பங்குதாரருக்குத் திருப்பிக் கொடுத்தது நல்ல குணம். அதே சமயம், "இந்தப் பணத்தை வளர்ச்சிக்குப் போட இடமில்லையா?" என்றும் கேட்க வேண்டும். இரண்டு கேள்வியும் நியாயமானவை. அறிக்கையில் கேஷ் ப்ளோ பக்கத்தைப் பார்த்து, லாபம் காகிதத்தில் மட்டும் இருக்கிறதா, பணமாகவும் வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள்.

ஊரிலேயே ஒரு சோதனை

தர்மபுரி, அரூர், பென்னாகரம், எந்த ஊராக இருந்தாலும் சரி, மூன்று கம்ப்யூட்டர் கடைகளில் கேளுங்கள். "அண்ணே, ஆண்டி வைரஸ் எது அதிகம் போகுது? பழைய கஸ்டமர் புதுப்பிக்க வர்றாங்களா, விட்டுடறாங்களா?" பங்குச் சந்தை நிபுணர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். கடையில் பெட்டிகள் அடுக்கியிருந்தால் மட்டும் மகிழ வேண்டாம். கம்பெனி டீலருக்கு அனுப்பியது வேறு, டீலர் உங்களுக்கு விற்றது வேறு. பெட்டி அலமாரியிலேயே தங்கினால் அடுத்த வருடம் டீலர் ஆர்டர் கொடுக்க மாட்டார். ஆனால் இந்தச் சோதனையில் அலுவலக விற்பனை தெரியாது என்பதையும் மறக்காதீர்கள். மூன்று கடை பதில் முழு நாட்டின் பதில் ஆகாது.

மாமாவின் ஐம்பதாயிரம்

மாமாவின் கேள்விக்கு எக்ஸெல்லில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். 2016இல் 321 ரூபாய் வீதம் 155 பங்குகள் வாங்கியிருந்தால் 49,755 ரூபாய். 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் பங்கு 100 ரூபாய்க்கும் கீழே போனது. அன்று அவர் பணம் 15,500க்கும் குறைவு. 2024இல் 600 ரூபாயில் 93,000. 2025இல் 300 என்று வைத்தால் 46,500. இடையில் டிவிடெண்ட் கொஞ்சம் வந்திருக்கும். இதே பணம் வருடம் 6 சதவீதக் கூட்டு வட்டியில் 9 வருடம் இருந்திருந்தால் சுமார் 84,000.

மாமா கேட்ட பணம், அடுத்த ஜூனில் மகளுக்குக் கட்ட வேண்டிய காலேஜ் கட்டணம். "15,500 ஆகியிருக்கற நேரத்துல கட்டணம் கட்டச் சொன்னா என்ன செய்வீங்க மாமா?" என்று மட்டும் கேட்டேன். பணத்தை வங்கியிலேயே விட்டுவிட்டார். பங்கு கெட்டது என்பதால் அல்ல. தேதி குறித்த செலவுக்கான பணம், தேதி குறிக்காத சந்தையில் இருக்கக் கூடாது என்பதால்தான்.

எச்சரிக்கை

ஷேர் பற்றி இன்டர்நெட்டில் ஒரு முறை தேடினால் போதும், வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் "நிச்சய லாபம்" குழுக்கள் தேடி வரும். ஏதோ ஓர் ஆப்பை இன்ஸ்டால் செய்யச் சொல்வார்கள். அதில் உங்கள் லாபம் ஏறிக்கொண்டே போவது போலத் தெரியும், எடுக்கத்தான் முடியாது. பதிவு பெற்ற ஆலோசகரா, புரோக்கரா என்பதைச் செபியின் வெப்சைட்டில் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்திடுங்கள். லைசென்ஸ் புதுப்பிக்கச் சொல்லி வரும் இமெயில்களிலும் போலிகள் உண்டு. ஆண்டி வைரஸ் புரோகிராமைத் திறந்து, அதற்குள் இருந்தே புதுப்பியுங்கள்.

இந்த மாத வீட்டுப்பாடம்

நீங்கள் பயன்படுத்தும் ஏதாவது ஒரு பொருளின் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டி வைரஸாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஐந்து ஆண்டறிக்கைகளை டவுன்லோட் செய்து, மேலே சொன்ன ஷீட்டைத் தயாரியுங்கள். பிறகு இந்த மூன்று கேள்விக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுதிப் பாருங்கள்: அடுத்த வருடம் இவர்களுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் லாபம் என்ன ஆகும்? ஐந்து வருடச் சராசரி லாபத்தைப் போல் எத்தனை மடங்கு விலை கேட்கிறார்கள்?

மூன்றுக்கும் பதில் எழுத முடியவில்லை என்றால் அந்தப் பங்கை வாங்காமல் இருப்பதே நல்லது. ஷீட்டைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருட அறிக்கை வந்ததும் ஒரு வரி சேர்த்தால் போதும்.